நுவனின் இடது கை

ஆண்களுக்குப் பொறாமை வர உலகத்தில் எத்தனையோ நியாயமான காரணங்கள் இருக்கின்றன. பக்கத்து லயத்து வீட்டுக்காரன் மோட்டார் சைக்கிள் வாங்குவான். கூடப் படித்தவன் வெளிநாட்டிலிருந்து போட்டோ போடுவான். தலை நிறைய முடி உள்ளவன் எதிரில் வந்து நிற்பான். என் பொறாமை அந்த ரகத்தில் சேராது. நான் பொறாமைப்பட்டது இன்னொருவனின் நரம்பைக் கண்டு. கண்டு என்றுகூடச் சொல்ல முடியாது, கேள்விப்பட்டே பொறாமைப்பட்டேன்.

எஹலியகொடைக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் நான் பால் வெட்டுகிறவன். என் மனைவி கோகிலாவும் கல்யாணமான நாளிலிருந்து என்னோடு மரத்துக்கு மரம் நடந்தவள்தான். மகள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியதும், டவுனில் உள்ள தொழிற்பயிற்சிக் கல்லூரியில் தாதி உதவியாளர் படிப்பில் சேர்ந்தாள். ("நீ படி, வீட்ட நான் பாத்துக்கிறேன்" என்று பெருந்தன்மையாகச் சொன்னவன் நான்தான். அந்த நல்ல மனிதனை அதற்குப் பிறகு வெகுநாள் காணவில்லை.) சான்றிதழோடு வந்தால் வேலை தருவதாக இரத்தினபுரியில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் சொல்லியிருந்தார்கள். கடைசிச் செய்முறைப் பரீட்சையில் தவறினால் அடுத்த வகுப்பு தொடங்கும்வரை காத்திருக்க வேண்டும். அந்த வேலை அதுவரை காத்திருக்காது.

வகுப்பில் ரத்தம் எடுக்கப் பழகத் தொடங்கிய வாரத்தில்தான், அவளோடு படித்த நுவன் எங்கள் வீட்டுக்குள் நுழைந்தான். ஆளாக அல்ல, பேச்சாக.

"நுவன் தம்பிக்கு என்னா நரம்புங்க! கண்ண மூடிக்கிட்டுக் குத்தலாம்" என்றாள் கோகிலா, எனக்குச் சோறு போட்டுக்கொண்டே.

கல்யாணமாகி இத்தனை வருடத்தில் என் உடம்பில் எதைப் பற்றியும் அவள் இந்தக் குரலில் பேசியதில்லை. அவள் 'தம்பி' என்று சொன்னது எனக்கு ஆறுதலாகவும் இல்லை. அன்று முதல் வீட்டில் தினமும் நுவன் புராணம்தான். நுவன் கையைக் காட்டினால் வகுப்பே வரிசையில் நிற்குமாம். மிஸ்ஸே மெச்சினாராம். நான் கண்ணாடி முன்னால் நின்று முஷ்டியை மடக்கி மடக்கிப் பார்த்தேன். பால் வாளி தூக்கித் தூக்கி உரமேறிய கை. மகளைக் கூப்பிட்டு, "அப்பா கையில நரம்பு தெரியுதா பாரு" என்றேன். அவள் உற்றுப் பார்த்துவிட்டு, "ஊத்தைதான்ப்பா தெரியுது" என்றாள்.

பரீட்சை நெருங்கியபோது கோகிலா ஒரு குண்டைப் போட்டாள்.

"நுவனோட எடது கை எனக்கு, வலது கை எங்கூடப் படிக்கிற சமந்திக்கு. பேசி வச்சாச்சு."

"இன்னொருத்தன் கையப் பேசி வச்சிருக்கியா? புருஷன் நான் என்ன செத்தா போயிட்டேன்?"

"ஐயோ, பரீட்சைக்குங்க."

"எதுக்கா இருந்தா என்ன? வீட்டாளுகளக் கூட்டியாரலாம்னு மிஸ் சொன்னாங்கன்னு நீதானே சொன்ன. முழுசா ரெண்டு கையோட நான் இருக்கேன்."

"உங்களுக்கு ஊசின்னா..."

"நானா பயப்படுவேன்? தெனமும் மரத்துக்கு மரம் கத்தி போடுறவன் நான்!"

(கத்தி போடுவது நான், வாங்கிக்கொள்வது மரம் என்ற சின்ன வித்தியாசம் அப்போது எனக்குத் தோன்றவில்லை.)

"சரி வாங்க. ஆனா நல்லா சாப்பிட்டு, நெறையத் தண்ணி குடிச்சிட்டு வரணும்" என்றாள்.

இங்கேதான் என் தொழிலறிவு குறுக்கே வந்தது. ரப்பர் மரத்தை வெயில் ஏறுமுன் வெட்ட வேண்டும். அப்போதுதான் பால் தாராளமாகச் சிரட்டையில் இறங்கும். வெயில் ஏற ஏற ஒழுக்கு குறைந்துவிடும். அந்த மரத்துக்குக் காலையில் யாரும் ரொட்டி சுட்டுக் கொடுப்பதில்லை. பாலில் தண்ணீர் கலந்தாலோ பால் நிறுக்கிற ஸ்டோரில் பிடித்து மானத்தை வாங்கிவிடுவார்கள். மரத்துக்கு உள்ளதுதானே மனிதனுக்கும்! வயிறு காலியாக, உடம்பு குளிர்ச்சியாக, தண்ணீர் கலக்காத கெட்டி ரத்தமாகக் கொண்டுபோய் நிறுத்தினால் நுவன் பக்கத்தில் வர முடியாது என்று முடிவு செய்தேன்.

பரீட்சையன்று இருட்டோடு எழுந்து பீலியில் கொட்டுகிற பச்சைத் தண்ணீரில் குளித்தேன். கோகிலா சுட்டு வைத்த ரொட்டியும் சம்பலும் லயத்து நாய்க்குப் போயின. தேத்தண்ணி வாசலில் கொட்டப்பட்டது. அவள் கேட்டபோது ஏப்பம் விட்டுக் காட்டினேன்.

கல்லூரியில் நுவனை முதன்முறையாகப் பார்த்தேன். மீசைகூட ஒழுங்காக முளைக்காத, கண்ணாடி போட்ட ஒல்லிப் பையன். 'இதற்கா இத்தனை நாள் தூக்கம் கெட்டோம்' என்று நான் சிரிக்கப் போகையில் அவன் சட்டைக் கையை மடித்தான். வயிற்றெரிச்சலோடுதான் சொல்கிறேன், அழகான நரம்பு. முழங்கை மடிப்பில் பச்சையாக, தடிப்பாக, யாரும் கேட்காமலேயே எழுந்து நின்றது. அவன் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, கையிலிருந்த பணிஸைப் பிய்த்து நீட்டி, "அய்யே, கேவத?" என்று கேட்டான். அண்ணே, சாப்பிட்டீர்களா என்று சிங்களத்தில் அன்பாகத்தான் கேட்டான். எதிரியின் பணிஸ் எனக்கு எதற்கு? முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

கோகிலாவின் முறை வருவதற்குள் வெயில் நன்றாக ஏறிவிட்டது. எனக்குப் பதறியது. எழுந்துபோய் மிஸ்ஸிடம், "எங்களை முதலில் விடுங்கள் மிஸ், வெயிலுக்கு முன்னால் எடுத்தால்தான் நன்றாக இறங்கும்" என்று எனக்குத் தெரிந்த நல்ல சிங்களத்தில் விளக்கினேன். மிஸ் என்னையும் ஜன்னலையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "பயவென்ன எப்பா" என்றார். பயப்படாதே என்று என்னிடமா! எனக்கு ரோஷம் வந்துவிட்டது.

ஒருவழியாக எங்களைக் கூப்பிட்டார்கள். கோகிலா என் கையில் பட்டியைக் கட்டி, விரலால் தட்டினாள், தடவினாள், மறுபடி தட்டினாள். நரம்பு இருந்த இடமே தெரியவில்லை.

"என்னங்க, தண்ணியாவது குடிச்சீங்களா?" என்று மெல்லக் கேட்டாள். அவள் கண் கலங்கியிருந்தது.

"பல்லுல பச்சத் தண்ணி படல. வெறும் வயிறு. சும்மா குத்து, கொட்டும் பாரு" என்றேன் பெருமையாக.

அவள் முகம் செத்துப்போனது. குத்தினாள். எதுவும் வரவில்லை. ஊசியை லேசாகத் திருப்பினாள். நான் குனிந்து பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது. சுவர் ஒரு பக்கம் போனது, நான் ஒரு பக்கம் போனேன், பஞ்சும் குப்பிகளும் இருந்த தட்டு என் மேல் வந்தது.

கண் விழித்தபோது தரையில் கிடந்தேன். என் இரண்டு கால்களும் நுவனின் தோளில் இருந்தன. கோகிலா என் நாடியைப் பிடித்துக்கொண்டு, ஒருவனை ஜன்னலைத் திறக்கச் சொல்லி, இன்னொருத்தியைச் சீனித் தண்ணீர் கொண்டுவரச் சொல்லி, சிங்களத்தில் அதட்டிக்கொண்டிருந்தாள். அவளுக்கு இப்படி ஒரு குரல் இருப்பது எனக்கே தெரியாது. மிஸ் அதை மெச்சித் தலையசைத்துக்கொண்டு நின்றார். பிறகு, "இன்னொரு தடவை செய்யலாம், வேறு ஆளிடம்" என்று சொன்னார்.

நான் தரையில் படுத்தபடியே பார்த்தேன். நுவன் இடது கையை நீட்டினான். கோகிலா குத்தினாள். ஒரே குத்து. குப்பி நிறைந்தது. அவள் பாஸ். நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். பட்டேன், ஆனால் அதற்குள்ளேயே ஏதோ கருகிக்கொண்டிருந்தது.

திரும்பும் பஸ்ஸில் கேட்டே விட்டேன். "அவன் கையில மட்டும் ஒரே குத்துல எடுத்துட்ட?"

"அவன் கை எனக்கு வெறும் கைதானேங்க" என்றாள் கோகிலா. "உங்க கையில குத்தணும்னு நெனச்சாலே எனக்குக் கை ஓட மாட்டேங்குது. அதுக்குத்தான் மொதல்லயே நுவன் கையப் பேசி வச்சேன். நீங்கதான் கேக்கல."

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். மனுஷனுக்குச் சில சமயம் கண்ணில் தூசி விழும்.

இன்றைக்கும் தோட்டத்தில் என்னைப் பார்க்கிறவர்கள், "என்ன, சாப்டாச்சா?" என்று கேட்டுவிட்டு என் கையைப் பார்க்கிறார்கள். கோகிலா இரத்தினபுரியில் வேலை பார்க்கிறாள். (நுவனும் அங்கேதான். என் தலையெழுத்து.) எனக்குச் சீனி வருத்தம், அதாவது நீரிழிவு, வந்த பிறகு நானும் அங்கே போய்க் கையை நீட்டுகிறேன், வயிறு முட்டத் தண்ணீர் குடித்துவிட்டு. யாருக்கும் ஒரே குத்தில் எடுத்துவிடுகிற கோகிலா, எனக்கு மட்டும் முதல் குத்தைத் தவறவிடுவாள். நுவன் ஓடி வந்து, நான் எடுக்கட்டுமா என்பான். நான் கையை மடக்கிக்கொள்வேன்.

வீட்டுக்கு யார் வந்தாலும் என் மகள் இதை நடித்துக் காட்டுவாள். "அம்மாகிட்ட ஊருக்கெல்லாம் ஒரு குத்து, அப்பாவுக்கு மட்டும் ரெண்டு!" எல்லாரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். சிரிக்கட்டும். அந்த ரெண்டாவது குத்து நுவனுக்கு இந்த ஜென்மத்தில் கிடைக்காது.