பன்னிரண்டாவது கட்டை முன்னதாகவே பிய்ந்த காரணம்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் சௌக்கியம், என் முழங்கை நீங்கலாக. அங்கே நீயும் உன் ஆய்வுக்கூடமும் விரிசல் இல்லாமல் இருக்க வேண்டுகிறேன். வியாழக்கிழமை மூன்று பேராசிரியர்கள் உட்கார்ந்து உன் ஆய்வேட்டைக் கேள்வி கேட்கப் போகிறார்கள் என்று நீ போனில் சொன்னதிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பயத்தால் அல்ல, குற்ற உணர்ச்சியால்.

நீ விளக்கியது எனக்கு நன்றாகவே புரிந்தது. கான்கிரீட்டை அமுக்கினால் தாங்கும், இழுத்தால் பிய்ந்துவிடும். அதனால் கண்ணாடி இழையில் நெய்த துணியைக் கான்கிரீட் கட்டை மேல் பசை போட்டு ஒட்டி, இரண்டு முனையையும் மெஷினில் மாட்டி இழுக்கிறீர்கள். எவ்வளவு இழுத்தால் பிய்யும் என்று நீ முன்கூட்டியே கணக்குப் போட்டுச் சொல்கிறாய். பதினொரு கட்டைகள் உன் கணக்குப்படியே, சொல்லி வைத்தாற்போலப் பிய்ந்தன. பன்னிரண்டாவது மட்டும் பாதி இழுப்பிலேயே கையை விரித்துவிட்டது. அதற்குக் காரணம் தேடிப் பதினான்கு மாதமாகச் சமன்பாட்டில் எழுத்துகளைச் சேர்த்துக்கொண்டே போகிறாய். இனிச் சேர்க்க எழுத்தே இல்லை என்று போன வாரம் அழுதாய். காரணம் உன் சமன்பாட்டில் இல்லை பாப்பா, என் தையல்கடையில் இருக்கிறது.

ஆய்வுக்கூடத்துக் கத்தரிக்கோல் மொக்கை என்று அந்தத் துணியை என்னிடம் கொடுத்து, "பன்னெண்டு துண்டு, அஞ்சு சென்டிமீட்டர் அகலம். வெட்டினா போதும்பா, வேற ஒண்ணும் பண்ணிடாதே" என்றாய் அல்லவா? நாற்பது வருஷமாகத் துணி வெட்டுகிற கை, சொன்னால் கேட்குமா? மடித்துத் தைக்க வேண்டிய அளவையும் சேர்த்துப் பன்னிரண்டையும் அகலமாகவே வெட்டிவிட்டது. ஓரமெல்லாம் நூல் நூலாகப் பிரிந்து தொங்குவதைப் பார்த்து மனசு கேட்காமல் ஒரு துண்டை எடுத்து இரண்டு பக்கமும் மடித்துத் தைத்தேன், அதில் மூன்று ஊசி உடைந்தது, இழைத் தூள் முழங்கையெல்லாம் ஏறி இன்றுவரை அரிக்கிறது, அதே மேஜையில் தைத்த கால்சட்டையைப் போட்டுக்கொண்டு மேலதிகாரியை வரவேற்கப் போன தலைமையாசிரியர் கூட்டம் முடிவதற்குள் இரண்டு தடவை வெளியே ஓடியிருக்கிறார், மறுநாள் கடை வாசலில் நின்று, "என்னய்யா தைச்சிருக்கே, கால்சட்டையா, எறும்புப் புத்தா?" என்று கத்தினார். அவர் போன பிறகுதான் நீ சொன்னது உறைத்தது. மீதிப் பதினொன்றிலும் அதிகப்படியை நறுக்கச் சொல்லி எல்லாவற்றையும் அம்மாவிடம் கொடுத்தேன். தைத்த துண்டைப் பற்றிச் சொல்ல வாய் வரவில்லை. அடுக்கில் அடியில் வைத்துவிட்டேன்.

என் ஊசி ஓட்டைகள்தான் அந்தக் கட்டையைக் கவிழ்த்திருக்கின்றன. ஆகவே பன்னிரண்டாவதை அடித்துவிட்டுப் பதினொன்றை மட்டும் வைத்துக்கொள். கேட்டால், "எங்கப்பா டெய்லர்" என்று சொல், அவர்களுக்கும் அப்பா இருந்திருப்பார். உன் பதினான்கு மாதத்தைத் தின்றுவிட்டேன் பாப்பா. நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

பெயருக்கு முன்னால் பட்டமும் கண்ணுக்குத் தூக்கமும் சீக்கிரம் வந்து சேர என் ஆசிகள்.

இப்படிக்கு,
அப்பா

பி.கு.: தபாலில் சேர்ப்பதற்கு முன் அம்மாவிடம் படித்துக் காட்டினேன். "அடியில இருந்ததுதானே? தையல் கோணலா இருந்துச்சு. பொண்ணு நாலு பேர் முன்னாடி காட்டப்போறாளேன்னு பிரிச்சேன், ஓரம் கிழிஞ்சுபோச்சு, அதை மட்டும் நறுக்கிட்டேன்" என்றாள். மற்ற பதினொன்றையும் நறுக்கினாயா என்று கேட்டேன். "இவ்ளோ விலைத் துணியை யாராவது நறுக்கிப் போடுவாங்களா? ரெட்டை மடிப்பா மடிச்சு, கையாலேயே தைச்சேன். எது எதுன்னு உங்களாலயே கண்டுபிடிக்க முடியாது" என்றாள். உன் கணக்கு அவளுடைய கைத்தையலுக்கு அச்சாகப் பொருந்தியிருப்பதில் அவளுக்கு ஒரே பெருமை. ஆகவே நீ கேட்டபடி மடிப்பில்லாமல் இருந்த அந்தப் பன்னிரண்டாவதை மட்டும் வைத்துக்கொண்டு, பதினொன்றையும் அடித்துவிடு.