தெட்சிணாமூர்த்தி அறுத்த கேபிள்

வீட்டுக்குள் வயர் இல்லாமல் இன்டர்நெட் ஓட வைப்பேன், அதுவும் வெளியாள் கை படாமல் ஓட வைப்பேன் என்று தெட்சிணாமூர்த்தி சபதம் எடுத்தது ஒரு புதன்கிழமை காலையில். தட்டில் இரண்டு இட்லி மிச்சம் இருக்கும்போதே கையைக் கழுவிவிட்டு எடுத்தார். இட்லியை மிச்சம் வைக்கிற மனுஷர் இல்லை அவர். அதனால் விஷயம் பெரிசு என்று அவர் மனைவி சௌந்தரவல்லிக்குப் புரிந்துவிட்டது.

பெரிசுதான். ஒரே மகள் பிரதீபா கல்யாணமாகிப் பாரிசில் இருக்கிறாள். ஏழாம் மாதம். வளைகாப்பை வருகிற ஞாயிற்றுக்கிழமை அங்கேயே வைத்துவிட்டார்கள். விசா, லீவு, டிக்கெட் மூன்றும் ஒன்றாய்க் கூடி வரவில்லை. பெற்றவள் போக முடியாத வளைகாப்பு. மாப்பிள்ளை அனுப்பிய லேப்டாப்பில் கண்ணாலாவது பார்த்துவிடலாம் என்பதுதான் சௌந்தரவல்லிக்கு இருந்த ஒரே ஆறுதல். அந்த ஆறுதலில் தெருப் பெண்கள் இருபது பேரை வேறு அழைத்துவிட்டாள். இருபது பேருக்கும் கண்ணாடி வளையல் வாங்கி வைத்தாயிற்று.

சங்கடம் என்னவென்றால், டெலிபோன் இருப்பது படுக்கையறையில். அதனால் மோடமும் அங்கேதான். மோடத்திலிருந்து ஒரு முழ வயர், வயர் முனையில் லேப்டாப். இருபது பெண்கள் கட்டிலைச் சுற்றி நின்று, கொடியில் தொங்கும் தெட்சிணாமூர்த்தியின் பனியன்களுக்குக் கீழே வளைகாப்பு பார்ப்பதா? கூடத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டுமென்றால் மோடத்தோடு ரவுட்டர் என்று தனியாய் ஒரு பெட்டியை மாட்ட வேண்டும். பெட்டியை வாங்கியாயிற்று. மாட்டுவது யார்?

"கடைக்கார சோமு ஆள் அனுப்பறேன்னாருல்லங்க? அரை மணி வேலைன்னாரே."

"எனக்கு ஆளா? பாண்டிச்சேரிக்குப் போயி பத்து நாள் கம்ப்யூட்டர் ட்ரெய்னிங் எடுத்தவன் நான்."

"அது எட்டு வருஷத்துக்கு முன்னாடி. அதுலயும் ஆறு நாள் பீச்சுல உக்காந்திருந்தேன்னு நீங்கதான் சொன்னீங்க."

"மிச்சம் நாலு நாள் போதும்."

அவர் வேலை பார்க்கும் அரசு அலுவலகத்தில் பிரிண்டரில் பேப்பர் மாட்டிக்கொண்டால், "தெட்சிணாமூர்த்தி சாரைக் கூப்பிடு" என்பார்கள். அவர் வந்து பிரிண்டரை ஒரு தட்டு தட்டுவார். சில சமயம் ஓடும். ஓடாவிட்டால் இன்னொரு தட்டு. அந்தப் பெயரை வைத்துத்தான் காரைக்கால் வீதிகளில் இத்தனை வருஷமாய் நிமிர்ந்து நடக்கிறார். ஒரு ரவுட்டருக்கு ஆள் கூப்பிட்டால் அந்தப் பெயர் என்னாவது?

லீவு போட்டார். நல்ல நேரம் பார்த்தார். அந்த வீட்டில் மிக்சியே சந்தனம் குங்குமம் இல்லாமல் ஓடியதில்லை. மகளை வீட்டுக்குள் கொண்டுவரப் போகிற பெட்டிக்கு இல்லாமலா?

பெட்டியைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் ஐந்து துளைகள். நான்கு ஒரே வரிசையில் மஞ்சள் நிறத்தில். ஒன்று மட்டும் தள்ளி, நீலமாய், தன்னந்தனியாய். தள்ளி நிற்கிற இடம்தான் இதற்கு நெற்றி என்று தெட்சிணாமூர்த்தி தீர்மானித்தார். இழைத்த சந்தனத்தைக் கட்டை விரலால் அள்ளி நீலத் துளையின் மேல் ஒரே அழுத்து. அதன் மேல் குங்குமம்.

"ஏங்க, ஓட்டைக்குள்ள போவுதுங்க."

"அது சும்மா காத்துக்காக விட்டது. உனக்கு ஒண்ணும் தெரியாது, தொடாம நில்லு."

சூடம் காட்டினார். மோடத்திலிருந்து வந்த வயரை ஒரு மஞ்சள் துளையில் சொருகினார். பச்சை விளக்குகள் கண் சிமிட்டின. லேப்டாப்பில் சிக்னல் ஐந்து கோடும் நிறைந்து நின்றது. தெட்சிணாமூர்த்தி மீசையைத் தடவிக்கொண்டார்.

அவ்வளவுதான். இன்டர்நெட்டில் ஒரு பக்கமும் திறக்கவில்லை. சிக்னல் இருக்கிறது, இன்டர்நெட் இல்லை. அணைத்துப் போட்டார். வேறு மஞ்சள் துளைக்கு மாற்றினார். நாலு மஞ்சளும் தீர்ந்தது. ஆன்டெனாவைக் கிழக்கே பார்க்க வைத்தார். பிரிண்டருக்குக் கொடுக்கும் தட்டையும் கொடுத்துப் பார்த்தார். சாயங்காலம் ஆகிவிட்டது.

சௌந்தரவல்லி காபியோடு வந்து நின்றாள். "என்னங்க ஆச்சு?"

தெரியல என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். இருபத்தெட்டு வருஷத் தாம்பத்தியத்தில் அந்த வார்த்தை அவர் வாயிலிருந்து வந்ததே இல்லை. அன்றைக்கும் வரவில்லை. எப்போதோ பேப்பரில் படித்தது வந்தது.

"கேபிள் அறுந்துபோச்சு."

"எந்தக் கேபிளு?"

"கடலுக்கு அடியில போவுதுல்ல, வெளிநாட்டுக் கேபிளு. நம்ம கடல்லதான். ஏதோ படகு நங்கூரம் போட்டு இழுத்துடுச்சாம். ஆபீசுலேர்ந்து செல்லுல சொன்னாங்க."

"அடக் கடவுளே. எப்பங்க சரியாவும்?"

"ஞாயித்துக்கிழம மத்தியானத்துக்குள்ள ஒட்டிடுவாங்க."

ஞாயிறு மத்தியானம் என்று அவர் சும்மா சொல்லவில்லை. பழையபடி மோடத்து வயரை லேப்டாப்பில் சொருகினால் படுக்கையறையில் ஓடும். இப்போதே ஓடினால் கேபிள் பொய் என்று தெரிந்துவிடும். ஞாயிறன்று பெண்கள் வருகிற நேரத்தில் யாருக்கும் தெரியாமல் சொருகிவிட்டு, "ஒட்டிட்டாங்களாம், ஆனா கூடம் வரைக்கும் வர அளவுக்கு வேகம் பத்தல" என்று சொல்லிவிட வேண்டியது. பனியன்களை மட்டும் எடுத்து மறைத்தால் போதும். திட்டத்தில் ஓட்டையே இல்லை என்று நினைத்துக்கொண்டார். ரவுட்டரை ஒரு துண்டு போட்டு மூடினார். அதன் பிறகு அந்தப் பக்கமே போகவில்லை. கேபிள் அறுந்தது என்று சொன்னவர் பெட்டியை நோண்டினால் நன்றாகவா இருக்கும்?

வியாழன் போயிற்று. வெள்ளியன்று ஆபீசிலிருந்து வந்தபோது சௌந்தரவல்லி அடுப்படியில் தனியாய்ச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"என்ன, தனியா சிரிக்கிற?"

"பழசு ஒண்ணு ஞாபகம் வந்துச்சுங்க."

சனிக்கிழமையும் சிரித்தாள். வளைகாப்பு கைவிட்டுப் போகுமோ என்று அழுகிறவளுக்குப் பதில் சிரிக்கிறவள் கிடைத்தாளே என்று அவர் நிம்மதியாய்ப் படுத்தார்.

ஞாயிறு காலை. அந்தத் தெருவுக்கு மீன் கொண்டுவரும் பூவாயி வந்தாள். கூடவே அவள் புருஷன் செல்லையன். ஃபைபர் படகு வைத்திருப்பவர். கடலுக்குப் போகிற மனுஷர், மீன் கூடையோடு தெருவுக்கு வந்து யாரும் பார்த்ததில்லை. தெட்சிணாமூர்த்தி வாசலில் காபி குடித்துக்கொண்டிருந்தார்.

"ஐயா, அந்தக் கேபிள அறுத்தது நான்தாங்க" என்றார் செல்லையன்.

வாயிலிருந்த காபி உள்ளே போகவும் இல்லை, வெளியே வரவும் இல்லை.

"புதன்கிழம நங்கூரம் எதுலயோ மாட்டிக்கிச்சுங்க. இழுத்துப் பாத்தோம், வரல. கயித்த வெட்டிட்டு வந்துட்டோம். அம்மா நம்ம பூவாயிகிட்ட சேதி சொன்னாங்க பாருங்க, அப்பதான் எனக்கு விளங்குச்சு. இன்னிக்கு சாயங்காலம் ஊர்ப் பஞ்சாயத்துல எந்திரிச்சு நான்தான்னு சொல்லப்போறேன்."

ஒருத்தர் வலையை இன்னொருத்தர் படகு கிழித்துவிட்டால், யாரும் கேட்பதற்கு முன்னால் பஞ்சாயத்தில் எழுந்து நின்று ஒத்துக்கொள்வது அவர்கள் ஊர் வழக்கம். அது தெட்சிணாமூர்த்திக்கும் தெரியும்.

"நீங்க கவருமெண்டு ஆளு. கூட வந்து, செல்லையன் வேணும்னு செய்யலன்னு ஒரு வார்த்த சொன்னீங்கன்னா போதும்."

"அம்மா பெத்த புள்ளயோட வளைகாப்பப் பாக்க முடியாம பண்ணிட்டமேன்னு எனக்குச் சோறு எறங்கலங்க" என்றாள் பூவாயி.

சௌந்தரவல்லி உள்ளிருந்து வந்து கதவோரம் நின்றாள். புருஷன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

தெட்சிணாமூர்த்திக்குக் கண்ணை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. செய்யாத தப்பை ஒத்துக்கொள்ள ஒரு மனுஷர் வேலையைப் போட்டுவிட்டு வந்து நிற்கிறார். செய்த தப்பை மூடிக்கொண்டு இவர் நாலு நாளாய்க் காபி குடிக்கிறார். சரி, வர்றேன் என்று சொல்லிவிட்டால் மானம் தப்பித்துவிடும் என்று ஒரு நினைப்பு வந்தது. அந்த நினைப்பு வந்ததற்கே அவருக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

"செல்லையா," என்றார். டம்ளரைக் கீழே வைத்தார். "கேபிள் எதுவும் அறுந்து போவல. நான் சொன்ன பொய் அது. அந்தப் பெட்டிய எனக்கு மாட்டத் தெரியல. தெரியலன்னு சொல்ல வெக்கப்பட்டுகிட்டு, உங்க கடல் மேல பழியப் போட்டுட்டேன். மன்னிச்சுக்கங்க."

செல்லையன் சௌந்தரவல்லி பக்கம் திரும்பினார்.

"சொல்லிட்டாருங்க அம்மா. நான் சொல்ல மாட்டாருன்னேன்."

"நான் சொல்லுவாருன்னேன்ல" என்றாள் பூவாயி.

தெட்சிணாமூர்த்தி மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"வெள்ளிக்கிழம காலையில பூவாயி அழுதுகிட்டு வந்தா" என்றாள் சௌந்தரவல்லி. "பிரதீபாவுக்கு போன் போட்டேன். அது பாட்டுக்குக் கிணுகிணுன்னு கேக்குது. கடலுக்கடியில கேபிள் அறுந்திருந்தா போன் மட்டும் எப்படிம்மா கேக்குதுன்னேன். அவ சிரிச்சா. பொட்டிக்குப் பின்னாடி நீலமா ஒரு ஓட்டை இருக்கும், வயர அதுல சொருகும்மான்னா. ஓட்டையே இல்லடி, சந்தனந்தான் இருக்குன்னேன்."

"அப்புறம்?" என்றார் தெட்சிணாமூர்த்தி.

"ஊக்கால நோண்டி எடுத்தேன். சொருகினேன். எல்லாத்தையும் ஒருக்கா அணைச்சுப் போடச் சொன்னா, போட்டேன். ஓடுது. ரெண்டு நாளா அடுப்படியில வச்சுத்தான் அவகூடப் பேசிக்கிட்டிருக்கேன். பூவாயிய அன்னிக்கே கூப்பிட்டு நிஜத்தச் சொல்லிட்டேன். நீங்களா வந்து சொல்லுவீங்கன்னு பாத்தேன். சொல்லல. அதான் இவங்கள வரச் சொன்னேன்."

"ஆனா நங்கூரம் மாட்டினது நிஜங்க. நான்தான் அறுத்துட்டேன்னு வியாழக்கிழம ராத்திரி பூரா நான் தூங்கலங்க" என்றார் செல்லையன், சிரிக்காமல். "அதுவும் நிஜம்."

அந்த ஒரு வரி தெட்சிணாமூர்த்திக்கு மற்ற எல்லாவற்றையும்விட அதிகமாய் உறைத்தது. எழுந்து உள்ளே போனார். துண்டை விலக்கிப் பார்த்தார். நீலத் துளையில் வயர் ஒழுங்காய் உட்கார்ந்திருந்தது.

மத்தியானம் மூன்றரைக்குக் கூடம் நிறைந்துவிட்டது. முன்வரிசையில் பூவாயி. லேப்டாப்பில் பிரதீபா பட்டுப்புடவையில் உட்கார்ந்திருந்தாள். அங்கே ஒருத்தி கையில் வளையல் அடுக்க, இங்கே சௌந்தரவல்லி சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள்.

"வயரே இல்லாம படம் இவ்வளவு தெளிவா வருதே, யாரு மாட்டினது?" என்று கேட்டாள் அடுத்த வீட்டுக் கல்யாணசுந்தரி.

"எல்லாம் அவங்க மாட்டினதுதான்" என்றாள் சௌந்தரவல்லி, முகத்தை ஒரு சுருக்கமும் இல்லாமல் வைத்துக்கொண்டு. திட்டியிருந்தால்கூட அவர் தாங்கியிருப்பார். தூணோரம் நின்றவர் இன்னும் கொஞ்சம் ஒதுங்கிக்கொண்டார்.

"ஏங்க, அங்க ஏன் நிக்கிறீங்க? நீங்களும் வந்து புள்ளய ஆசீர்வாதம் பண்ணுங்க."

இருபது பேரும் வழி விட்டார்கள். தெட்சிணாமூர்த்தி குனிந்த தலையோடு வந்து லேப்டாப் முன்னால் உட்கார்ந்தார். மகள் முகத்தைப் பார்த்ததும் மனசு இளகிவிட்டது. நேரில் இருந்தால் கன்னத்தில் சந்தனம் பூசியிருப்போமே என்ற ஏக்கத்தில், பக்கத்திலிருந்த கிண்ணத்துக்குக் கை தானாய்ப் போயிற்று.

பாரிசிலிருந்து பிரதீபாவின் குரல் கூடம் முழுக்க, கிணுகிணுவென்று கேட்டது:

"அம்மா, சந்தனக் கிண்ணத்த மட்டும் அப்பா கையில குடுத்துடாதம்மா."