பட்டாணி அளவு பேஸ்ட்

“த்தூ!” என்று மகள் துப்பிய துப்பலில் வாஷ்பேசின் கண்ணாடி முழுக்க நுரை.

“வாயெல்லாம் எரியுது! யாரு வாங்கினது இதை?”

“நான்தான்,” என்றார் அவர். “எரிஞ்சாதான் கிருமி சாகும்.”

யார் வாங்கியது என்பது அந்த வீட்டில் கேட்கவே வேண்டாத கேள்வி. அவர் ஒரு கம்பெனியில் கொள்முதல் பிரிவில் இருந்தார். குண்டூசி முதல் நாற்காலி வரை எதை வாங்குவதானாலும் நாலைந்து மாதிரிகளை வரவழைத்து, சோதித்து, மார்க் போட்டு, இதுதான் நல்லது என்று எழுதிக் கொடுப்பது அவர் வேலை. அதைப் பிரித்துக்கூடப் பார்க்காமல் தன் மச்சான் கடையில் வாங்கிக்கொள்வது மேனேஜரின் வேலை. இத்தனை வருஷ சர்வீஸில் அவர் தேர்ந்தெடுத்த ஒரு குண்டூசிகூட அந்த ஆபீஸுக்குள் நுழைந்ததில்லை. தன் பேச்சு எடுபட உலகத்தில் ஓர் இடமாவது வேண்டுமே, அதுதான் வீடு என்று நம்பிக்கொண்டிருந்தார், பாவம்.

“எனக்கும்தான் பல்லு கூசுது,” என்றாள் மனைவி அடுப்படியிலிருந்து. “அது பேஸ்ட்டால இல்லீங்க. கடைவாய்ப் பல்லு. டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போங்கன்னு சொல்லிக்கிட்டே இருக்கேன்.”

“டாக்டர் எதுக்கு? கூச்சத்துக்குன்னே தனிப் பேஸ்ட் இருக்கு.” மாமனார் பக்கம் திரும்பினார். “மாமா, உங்க தேவை என்ன?”

மாமனார் யோசித்தார். அவர் வாயில் மிச்சமிருந்தவை கீழே கொஞ்சம், மேலே ஒன்று.

“பாத்ரூம் சீக்கிரம் கிடைச்சாப் போதும் மாப்பிள்ளை.”

அன்று மாலை கடையில் ஒவ்வொரு டியூபாக எடுத்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, பொடி எழுத்து வரை படித்தார். கடைக்காரர் பாதி ஷட்டரை இறக்கிவிட்டு இருமிக் காட்டினார். கடைசியில் ஆளுக்கு ஒன்றாக நாலு வாங்கி வந்து, ஒவ்வொன்றிலும் உரியவர் பெயரை ஒட்டினார்.

மறுநாள் மாமனார் மூக்குக்கண்ணாடி போடாமல் போய்ப் பேத்தியின் ஸ்ட்ராபெர்ரி பேஸ்ட்டை எடுத்துத் தேய்த்துவிட்டார். தேய்த்ததோடு நில்லாமல், நன்றாக இருக்கிறது என்று இன்னும் கொஞ்சம் பிதுக்கி நாக்கில் வைத்துக்கொண்டார்.

“என் பேஸ்ட்டைத் தாத்தா தின்னுட்டாரு!” என்று மகள் தெருவுக்கே கேட்கும்படி அழுதாள்.

இனி மேற்பார்வை இல்லாமல் சரிப்படாது என்று முடிவு செய்தார். குழாய் திறக்கும் சத்தம் கேட்டாலே கைக்கடிகாரத்தோடு வந்து நின்றார். பிரஷ்ஷில் பட்டாணி அளவு வைப்பது எப்படி என்று தினமும் செய்து காட்டினார். பிறகு மார்க் கேட்டார்.

“நுரைக்கு எவ்வளவு? வாசனைக்கு எவ்வளவு?”

“வாயில நுரையை வெச்சுக்கிட்டு எப்படிப்பா சொல்றது?”

“விரலால காட்டு.”

மாமனார் தப்பிக்கிற எண்ணத்தில் எல்லாவற்றுக்கும் இரண்டு கையையும் விரித்துக் காட்டினார். யோசிக்காமல் போட்ட மார்க் செல்லாது என்று மாப்பிள்ளை அவரை மறுபடி தேய்க்க வைத்தார். அந்தக் களேபரத்தில் மகளின் ஸ்கூல் பஸ் போய்விட்டது.

மனைவி கன்னத்தைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

“ஏங்க, எனக்கு வலிக்குதுங்க. என் வாயைத் திறக்கச் சொல்லி ஒரு தடவையாவது பார்த்தீங்களா?”

மனுஷனுக்கு உண்மையிலேயே மனசு கேட்கவில்லை. அன்று மாலையே அவளுக்கு இன்னும் உசத்தியான டியூப் ஒன்று வாங்கி வந்தார்.

அதன்பிறகுதான் வீட்டில் அமைதி வந்தது. காலையில் அவர் கண் விழிப்பதற்குள் மூன்று பேரும் பல் துலக்கி முகம் பளிச்சென்று இருந்தார்கள். மகள் பஸ்ஸைத் தவறவிடவில்லை. மாமனார் யாரையும் முறைக்கவில்லை. மனைவியின் கை கன்னத்தை விட்டு இறங்கியிருந்தது. அவர்கள் டியூபுகளும் வாங்கி வைத்த மாதிரியே கொழுகொழுவென்று இருந்தன.

“பார்த்தியா? பட்டாணி அளவு வெச்சா எவ்வளவு நாளைக்கு வருது பாரு! பல்வலி எப்படி இருக்கு?”

“போயிடுச்சுங்க.”

“நான் அப்பவே சொன்னேன்ல?”

அவள் மடித்த துண்டை அடுக்கின்மேல் வைத்தாள். பிறகு அடுத்த துண்டை எடுத்தாள்.

ஆபீஸில் எல்லோரிடமும் சொன்னார். மேனேஜர் தலை நிமிராமலே “உம்” கொட்டினார். முன்பெல்லாம் அந்த “உம்” அவரை நாள் முழுக்க அரிக்கும். இப்போது ஒன்றும் செய்யவில்லை. வீட்டில் என் பேச்சுக்கு மரியாதை இருக்கிறது, நீ யார் என்று நினைத்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை கடைக்குக் கிளம்பினார். எதிர்வீட்டுத் தையல்கார அம்மா, கழுத்தில் அளவு நாடாவோடு கதவைத் திறந்தாள். தனியாக இருப்பவள்.

“கடைக்கா தம்பி? பேஸ்ட் தீர்ந்துபோச்சு. பெரிய டியூபா ஒண்ணு வாங்கிட்டு வாங்களேன்.”

அவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. “தாராளமா! என்ன பேஸ்ட் வேணும்? பல் கூசுமா? ஈறு எப்படி?”

“ஏதோ ஒண்ணு வாங்கிட்டு வாங்க.”

“அப்படியெல்லாம் வாங்கக் கூடாதும்மா. ஒண்டி ஆளு நீங்க, பெரிய டியூப் எதுக்கு?”

“நான் எங்க ஒண்டி ஆளு? விடிஞ்சா உங்க வீட்டு ஆளுங்க மூணு பேரும் இங்கதானே பல்லு தேய்க்கிறாங்க! அன்னிக்கு உங்க சம்சாரத்தைக் கூட்டிட்டுப் போய்ச் சொத்தைப் பல்லைப் பிடுங்கிட்டு வந்தோமே, அதுலேர்ந்து இப்படித்தான். ஏன், உங்களுக்குத் தெரியாதா?”

அவர் அவளைத் தாண்டி உள்ளே பார்த்தார். வாஷ்பேசின் மேல் ஒரு டம்ளர். அதில் மகளின் ரோஸ் நிற பிரஷ், மாமனாரின் வளைந்துபோன பிரஷ், மனைவியின் நீல பிரஷ்.

“மூணு பேருமா?” என்று மட்டும் கேட்டார்.

தையல்கார அம்மாவுக்கு அந்த முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

“உங்களுக்கும் சேர்த்துத்தான் ஒரு பிரஷ் வாங்கி வெச்சேன் தம்பி. அவங்க மூணு பேரும்தான் வேண்டாம்னுட்டாங்க.”