பெட்டிசம் அண்ணை கறுப்புக் கோட்டுப் போட்ட நாள்

இலங்கையில் இதுவரை பதவி வகித்த எந்த அமைச்சரும், எந்த ஆயரும், எந்தத் தபால் அதிபரும் பெட்டிசம் அண்ணையிடமிருந்து தப்பியதில்லை. நேரே ஒரு கடிதம் கிடைக்காவிட்டாலும், வேறு யாருக்கோ எழுதிய கடிதத்தின் பிரதியாவது அவர்களுடைய மேசைக்குப் போயிருக்கும். முறைப்பாட்டுக் கடிதத்துக்கு நாங்கள் சொல்கிற பெயர் பெட்டிசம். அதைக் கேட்டவர்களுக்கெல்லாம் எழுதிக் கொடுப்பது அவருடைய தொழில். பெற்றோர் வைத்த பெயரும் ஒன்று உண்டு. அவருடைய அடையாள அட்டையை நான்தான் லாமினேட் செய்து கொடுத்தேன். சூடு கூடி அட்டை உருகிவிடுமோ என்ற பயத்தில் கண்ணை மூடிக்கொண்டு நின்றதால் பெயரை வாசிக்கவில்லை.

கொட்டாஞ்சேனையில் எனக்கு ஒரு போட்டோ கொப்பிக் கடை இருக்கிறது. கடை வாசலில் அவருக்கு ஒரு மேசை, ஒரு கதிரை, 'ர' அடித்தால் இரண்டு தரம் விழுகிற ஒரு டைப்ரைட்டர். முன்பு அளுத்கடை நீதிமன்றத்துக்கு வெளியே நாற்பது வருடம் உட்கார்ந்திருந்தவர், வெயில் தாங்காமல் என் வாசலுக்கு வந்து சேர்ந்தார். வாடகை ஒன்றும் கிடையாது. அவர் எழுதுவதை நான் கொப்பி எடுப்பேன். ஒரு பெட்டிசத்துக்குப் பன்னிரண்டு பிரதி. அதுவே எனக்கு நல்ல வியாபாரம்.

பக்கத்து வீட்டுச் சேவல் விடியமுன் கூவுகிறது என்று ஒரு அம்மா வந்து அழுதால், அண்ணை மாநகரசபைக்கு எழுதி, பிரதிகளைக் கடற்படைத் தளபதிக்கும் அனுப்புவார். "கடற்படைக்கு என்னத்துக்கு அண்ணை?" என்று கேட்டேன். "சத்தம் துறைமுகம் வரைக்கும் போகுது தம்பி" என்றார்.

ஒருமுறை ஒரு பையன் தண்ணீர் இணைப்புக்கு விண்ணப்பம் எழுதுவித்துக்கொண்டு போனான். வெளியே போய் வாசித்துப் பார்த்துவிட்டு ஓடி வந்தான்.

"அண்ணை, எட்டுப் பிள்ளையள் தாகத்தால வாடுதுகள் எண்டு எழுதியிருக்கிறியள். நான் இன்னும் கலியாணமே கட்டேல்ல."

"கட்டுவாய்தானே?"

"ஓம்."

"தண்ணி வாறதுக்குள்ள எட்டும் பிறந்திடும். கொண்டுபோய்க் குடு."

இப்படிப்பட்டவரை வெள்ளவத்தையில் எங்கள் வீட்டு டிவிக்கு முன்னால் கொண்டுவந்து உட்கார வைத்த பாவம் என்னுடையது. கனடாவில் இருக்கிற மச்சான் தன்னுடைய இணையக் கணக்கின் கடவுச்சொல்லை எங்களுக்குத் தந்திருந்தார். அதில் ஒரு இங்கிலீஷ் தொடர். துறைமுக நகரம் ஒன்றில் கடத்தல்காரர்களுக்காக வாதாடுகிற ஒரு கிழட்டு வழக்கறிஞர், பொய்ச் சாட்சி, லஞ்சம் எல்லாம் செய்து, கடைசியில் தானே சிறைக்குப் போகிறார். நான் எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன். என் மனைவிக்கும் இங்கிலீஷ் அரைகுறை. அந்த ஆள் ஏன் சிறைக்குப் போகிறார் என்று எங்களுக்கு விளங்கவில்லை. அடுத்தவன் கடவுச்சொல்லில் படம் பார்ப்பதற்கு எத்தனை வருடம் கிடைக்கும் என்ற யோசனையிலேயே எனக்குப் பாதிக் கதை போய்விட்டது. கடையில் இதைச் சொன்னேன்.

"லோயர் ஜெயிலுக்குப் போறதோ? அப்பிடி ஒண்டை நான் நாப்பது வருசத்தில பாக்கேல்ல. வாறன்" என்றார் அண்ணை.

அன்று முதல் ஆறு மணிக்குக் கடையைப் பூட்டியதும் இரண்டு பேரும் பஸ் ஏறி வெள்ளவத்தைக்கு வருவோம். முதலிலிருந்து தினம் ஒரு பகுதி பார்த்துவிட்டு, இடியப்பம் சாப்பிட்டுவிட்டு, அவர் எட்டரை பஸ்ஸில் கொட்டாஞ்சேனையில் இருக்கிற தன் அறைக்குத் திரும்பிப் போவார். திரையில் நடப்பதை உடனுக்குடன் தமிழில் சொல்வது அவருடைய பொறுப்பு. ஆனால் அவருக்குத் தெரிந்த தமிழ் பெட்டிசத் தமிழ் மட்டும்தான்.

திரையில் ஒரு பெண் அழுதுகொண்டே அந்த வழக்கறிஞரின் கன்னத்தில் அறைந்தாள்.

"அண்ணை, அவ என்ன சொல்லுறா?" என்று கேட்டாள் என் மனைவி.

"மேற்படி நபருடன் இனிமேல் இல்லறம் நடத்துவதற்குத் தான் ஆயத்தமில்லை என்பதைத் தாழ்மையுடன் அறியத் தருகிறா."

அறைந்தவளே பிறகு அவரைக் கட்டிப்பிடித்து முத்தமிட்டாள். அண்ணை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இதில இரண்டு தரப்பும் சமாதானத்துக்கு வருகினம். மிச்சம் நீதிமன்றத்துக்குத் தேவையில்லாத விசயம்."

முதல் தொடர் முடிந்தது. அதற்குப் பின்னால், அதே வழக்கறிஞர் வாலிபனாக இருந்தபோது எப்படிக் கெட்டுப் போனார் என்று இன்னொரு தொடர் எடுத்திருந்தார்கள். அதைப் போட்டதும் அண்ணை நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"இவன் உள்ளுக்கெல்லோ போனவன். அப்பீல் வெண்டிட்டானோ?"

"இல்லை அண்ணை. இது அதுக்கு முந்தி நடந்தது. பிந்தி எடுத்திருக்கினம்."

"ஓ. அது சரி. நீதிமன்றத்திலயும் அப்பிடித்தான். முதல் தீர்ப்பு வரும், பிறகுதான் என்ன நடந்தது எண்டு தெரிய வரும்."

இந்த இரண்டாவது தொடர்தான் அவரைப் பிடித்துக்கொண்டது. ஈரத் தலையோடு, ஒட்டுப்போட்ட சப்பாத்தோடு, ஒரு வழக்குக் கிடைக்காதா என்று நீதிமன்ற வாசலில் அலைகிற அந்தப் பையனைக் கண்டதும் அவருக்கு மகனைக் கண்ட மாதிரி. அவன் செய்கிற ஒவ்வொரு பித்தலாட்டத்துக்கும் தொடையில் தட்டிக்கொள்வார். பொய்யாக வைத்தியச் சான்றிதழ் கொடுத்து வழக்கைத் தள்ளிப்போடத் தவணை வாங்கியபோது மட்டும் முகம் சுளித்தார். "இதென்ன புதினம். எங்கட ஆக்கள் கிழமைக்கு மூண்டு தரம் செய்யிறது. இதுக்குக் கமராவை வச்சுக்கொண்டு மினக்கெடுறாங்கள்."

அவனுக்கு வரப்போகிற முடிவு நமக்குத் தெரியும், அவனுக்குத் தெரியாது. அதை அண்ணையால் தாங்க முடியவில்லை. ஒருநாள் காலையில் அந்தத் தொடரை எடுத்த கம்பெனிக்கே இங்கிலீஷில் ஒரு பெட்டிசம் அடித்துவிட்டார். பின்னால் வந்த தொடரில் வெளியான புதிய சாட்சியங்களைக் கருத்தில் எடுத்து, முன்னால் வந்த தொடரில் வழங்கிய சிறைத் தண்டனையை மீளாய்வு செய்ய வேண்டுமாம். பதினான்கு பிரதி. அந்த நாட்டுத் தூதரகத்துக்கும் ஒன்று. அதைக் கொப்பி எடுத்த பிறகு எனக்கு மூன்று நாள் நித்திரை இல்லை. எந்த நாட்டுக்கும் விசா கேட்கிற எண்ணம் எனக்கில்லை. ஆனாலும், இனிக் கேட்டால் தரமாட்டார்களே.

இந்த நேரத்தில்தான் எனக்கு உண்மையான இடி விழுந்தது. கடைச் சொந்தக்காரி ஹெந்தளையில் இருக்கிற ஒரு ஓய்வுபெற்ற டீச்சர். அவருடைய வழக்கறிஞரிடமிருந்து பதிவுத் தபால் வந்தது. மூன்று மாதத்துக்குள் கடையைக் காலி செய்ய வேண்டும். இத்தாலியிலிருந்து மகன் வருகிறானாம், அந்த இடத்தில் அவன் கேக் கடை போடப் போகிறானாம்.  பதினேழு வருடம் அந்த ஒரு கடையை வைத்துத்தான் வீட்டில் அடுப்பு எரிகிறது. எட்டாம் வகுப்புக்காரனுக்கு வேறு யார் வேலை தருவார்கள்?

"ஒரு பெட்டிசம் எழுதித் தாங்கோ அண்ணை" என்றேன்.

"பெட்டிசமெல்லாம் பழைய முறை தம்பி" என்றார். நாற்பது வருடம் அதிலேயே சாப்பிட்ட மனிதர். "எங்கட பெடியன் நேற்று என்ன செய்தவன்? நேர வீட்டுக்குப் போனான். கறுப்புக் கோட்டைப் போட்டான். ரெண்டு வசனம் கதைச்சான். அந்தாள் நடுங்கிப்போய்க் கையெழுத்து வச்சவனோ இல்லையோ?"

"அது படம் அண்ணை. லோயர் மாதிரி வேசம் போட்டால் உள்ளுக்குத் தள்ளுவினம்."

"நான் லோயர் எண்டு சொல்லமாட்டன். கோட் சொல்லட்டும்."

வேண்டாம் என்று சொல்லவும் எனக்குப் பயம், சரி என்று சொல்லவும் பயம். கொப்பி மெஷினுக்குத் தாள் போட்டேன். அவர் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் கறுப்புக் கோட்டோடு கொட்டாஞ்சேனைப் பஸ் நிறுத்தத்தில் நின்றார். மரண வீடுகளுக்கு பாண்ட் வாசிக்கிற ஒருவரிடம் இரவல் வாங்கியது. நெஞ்சில் இரண்டு வரிசை பித்தளைப் பொத்தான்கள் பளபளத்தனவாம். அவற்றைச் சப்பாத்துப் பொலிஷ் பூசிக் கறுப்பாக்கியிருந்தார். பஸ் கண்டக்டர் ஏமாந்துவிட்டான். "லோயர் மஹத்தயா, மெஹெ வாடிவென்ன" என்று சிங்களத்தில் உட்காரச் சொல்லி, முன் சீட்டில் இருந்தவரை எழுப்பி அவருக்கு இடம் கொடுத்தான். அண்ணை என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையை இன்னும் மறக்க முடியவில்லை. வழி முழுக்க அவர் வாய்க்குள் வசனம் பாடமாக்கினார். நான் ஜெயிலுக்குக் கொண்டுபோக வேண்டிய சாமான்களை மனதுக்குள் எண்ணிக்கொண்டு வந்தேன்.

டீச்சர் கதவைத் திறந்தார். வெள்ளைச் சேலை, எழுபத்தைந்து வயது இருக்கும், இடுப்பில் சாவிக்கொத்து. அந்தப் பார்வையைக் கண்டதும் எனக்கு வீட்டுப்பாடம் செய்யாமல் வந்த ஞாபகம் வந்துவிட்டது. உட்காரச் சொல்லி, வெள்ளைக் கோப்பையில் தேத்தண்ணி கொடுத்தார். அண்ணை தொண்டையைச் செருமினார்.

"அம்மா, இந்த விசயத்தை நாங்கள் ரெண்டு விதமாத் தீர்க்கலாம்" என்று தொடங்கினார். அது அந்தத் தொடரின் வசனம்.

டீச்சர் அவரை மேலும் கீழும் பார்த்தார். "நீங்கள் லோயரோ?"

 எட்டுப் பிள்ளைகளைக் காகிதத்தில் பெற்றெடுத்தவர், சேவலுக்கு எதிராகக் கடற்படையைத் திரட்டியவர், ஒரு சின்ன 'ஓம்' சொல்ல முடியாமல் தலை குனிந்தார்.

"இல்லை மிஸ்."

"அப்ப இந்தக் கோட்?"

"பாண்ட் கோட், மிஸ்."

"என்ன வாசிப்பியள்?"

"கோட்டுக்குச் சொந்தக்காரர் கிளாரினெட் வாசிப்பார் மிஸ். நான் ஒண்டும் வாசிக்கமாட்டன்."

பொத்தானைத் தொட்டுத் தொட்டுப் பொலிஷ் ஒட்டிய அவருடைய பத்து விரலும் கோப்பையில் கறுப்பாகப் பதிந்திருந்தன. டீச்சர் அதைக் கண்டார். எழுந்து உள்ளே போனார். பொலிசுக்கு டெலிபோன் எடுக்கத்தான் போகிறார் என்று நினைத்து நான் கதவுக்கும் எனக்கும் இடையில் எத்தனை அடி என்று பார்த்தேன். அவர் ஒரு பழைய துண்டும், கொப்பித் தாளும், பேனையும் கொண்டுவந்தார்.

"கையைத் துடையுங்கோ. கதைக்க ஏலாட்டி எழுதித் தாங்கோ."

அண்ணை சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, சோதனை எழுதுகிற பிள்ளை மாதிரி ஒரு கையால் மறைத்துக்கொண்டு எழுதினார். பத்து நிமிடம்கூட ஆகவில்லை. டீச்சர் வாசித்தார். வாசித்து முடித்து வாயைச் சேலைத் தலைப்பால் பொத்திக்கொண்டார். பிறகு தாளை என்னிடம் நீட்டினார்.

'மதிப்புக்குரிய டீச்சர் அவர்களுக்கு. இந்தக் கடைக்காரர் நல்லவர். ஆனால் மிகவும் பயந்தவர். பூட்டிய கடையைத் திரும்பி வந்து இரண்டு முறை பூட்டுவார். எட்டாம் வகுப்போடு நிறுத்தியவர் என்பதால் தனக்கு ஒன்றும் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். அது பிழை. பிறந்த சான்றிதழ் கொப்பி எடுக்க வருகிற கிழவிகளுக்கு விண்ணப்பத்தையும் நிரப்பிக் கொடுத்து, அதற்குக் காசு வாங்குவதில்லை. இவருக்கு மூன்று மாதம் கொடுத்தால் மூன்று மாதமும் பயப்படுவதிலேயே போய்விடும். ஒரு வருடம் கொடுத்தால், பயப்படுவதற்கு ஆறு மாதம், வேறு இடம் தேடுவதற்கு ஆறு மாதம் என்று பிரித்துக்கொள்வார். தயவுசெய்து கொடுக்கவும்.'

அவ்வளவுதான். கீழே 'பிரதி' என்று போட்டு ஒருவருடைய பெயரும் இல்லை.

"இதில இருக்கிறதெல்லாம் உண்மையோ?" என்று டீச்சர் என்னைக் கேட்டார்.

"ஓம் மிஸ்."

"ரெண்டு தரம் பூட்டுவியளோ?"

"மூண்டு தரம், மிஸ்."

டீச்சர் தாளை என்னிடமிருந்து வாங்கி நான்காக மடித்தார். "ஒரு வருசம். லோயருக்கு நான் சொல்லுறன். மகனும் ஏழு வருசமா வாறன் வாறன் எண்டுதான் சொல்லுறான்." பிறகு அண்ணையைப் பார்த்து, "நீங்கள் இந்தக் கோட்டை இனிப் போடாதேங்கோ" என்றார்.

திரும்பி வருகிற பஸ்ஸில் அண்ணை கோட்டைக் கழற்றி மடியில் வைத்திருந்தார். முகத்தில் ஒரு வாட்டம். "எங்கட பெடியன் எண்டால் கண்ணும் வெட்டாமல் சொல்லியிருப்பான்" என்றார்.

எனக்கு அப்போதுதான் ஒன்று உறைத்தது. கடை போனால் வாசலும் போகும். வாசல் போனால் இவரும் வெயிலில்தான்.

"அண்ணை, உங்கட மேசையைப் பற்றி ஒரு வரி எழுதேல்லையே?"

"அது வேற வழக்கு தம்பி. ரெண்டு வழக்கை ஒரு பெட்டிசத்தில போட்டால் ரெண்டும் பழுதாப் போகும்."

சொல்லிவிட்டுக் கண்ணை மூடினார். பாலம் தாண்டுவதற்குள் அவருடைய தலை என் தோளில் சாய்ந்துவிட்டது. இறங்குகிற இடம் தவறிவிடுமோ என்று எந்தப் பஸ்ஸிலும் மூன்று தரிப்பிடத்துக்கு முன்பே எழுந்து கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பவன் நான். நாங்கள் இறங்க வேண்டிய கொட்டாஞ்சேனை வந்தது, போனது. பஸ் கடைசித் தரிப்பிடமான புறக்கோட்டையில் போய் நிற்கும்வரை நான் தோளை அசைக்கவில்லை.