கரை காணாத போர்வை

மூன்றாவது தடவையாக அந்தக் கரையைப் பிரிக்க உட்கார்ந்தபோது டெய்லருக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

போர்வை சின்னதாக இருந்திருந்தாலும் மனசு ஆறியிருக்கும். ஏழடி அகலம், எட்டடி நீளம். சுற்றளவு முப்பது அடி. கரை வைத்துத் தைக்க ஒரு மணி நேரம் போதும். பிரிப்பதற்கு அரை நாள் வேண்டும். ஒவ்வொரு தையலாக ஊசிமுனையால் நெம்பி நூலை உருவ வேண்டும். கொஞ்சம் அவசரப்பட்டாலும் துணி பல்லை இளித்துவிடும்.

"முதல்ல நீலம். அப்புறம் பச்சை. அப்புறம் மறுபடி நீலம். இப்ப மறுபடி பச்சையா?" என்றாள் பக்கத்தில் பட்டன் தைத்துக்கொண்டிருந்த மனைவி.

"சார் வந்து சொல்லிட்டுப் போனாரு."

"முந்தாநேத்து டீச்சரம்மா வந்து சொல்லிட்டுப் போனாங்க. ஏங்க, யாராவது ஒருத்தர்கிட்ட முடியாதுன்னு சொன்னா வாய் வெந்துடுமா?"

வெந்துவிடும் என்றுதான் டெய்லர் நினைத்திருந்தார். 'ஆகட்டும்' என்ற ஒற்றைச் சொல்லை வைத்தே இருபத்தைந்து வருஷமாகக் கடை நடத்துகிறவர் அவர். கால்சட்டைக்கு ஆறு பை வேண்டுமா? ஆகட்டும். நாளைக்கே வேண்டுமா? ஆகட்டும். மறுநாள் ஆள் வந்து கத்தினாலும் அதற்கும் ஆகட்டும். தெருவில் அவரை 'ஆகட்டும் டெய்லர்' என்றுதான் சொல்வார்கள். சொந்தப் பெயர் மின்சார ரசீதில் மட்டும் வரும்.

இந்தப் போர்வை வந்து பத்து நாள் ஆகிறது. தெருக்கோடி வீட்டில் இருக்கும் டீச்சரம்மா கொண்டுவந்து கொடுத்தது. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு வீட்டில் இருந்த பழைய துணிகளையெல்லாம் உள்ளங்கை அகலத்துக்குச் சதுரம் சதுரமாக வெட்டி, ரெண்டு வருஷம் உட்கார்ந்து கையாலேயே ஒட்டுப்போட்டிருந்தார். மகளின் முதல் பள்ளிக்கூடச் சட்டை அதில் இருந்தது. ஜன்னல் திரை இருந்தது. ஸ்டேஷன் மாஸ்டராக இருந்த கணவரின் வெள்ளைச் சீருடைகூட அங்கங்கே எட்டிப் பார்த்தது.

"சுத்திலும் ஒரு கரை மட்டும் வச்சுட்டா வேலை முடிஞ்சது தம்பி. கரு நீலம். மாசக் கடைசியில என் பொண்ணு ஊர்லேருந்து வர்றா, புது வீட்டுக்கு எடுத்துட்டுப் போக."

"ஆகட்டும்மா."

நீலக் கரை வைத்துக் கடையில் தொங்கவிட்ட மறுநாளே, வழியில் போன ஸ்டேஷன் மாஸ்டர் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று பார்த்தார். உள்ளே வந்தார்.

"இது எங்க வீட்டுப் போர்வையில்ல? நீலம் யாரு சொன்னது?"

"டீச்சரம்மா சார்."

"ஓகோ. வேற என்ன சொன்னாங்க?"

"வேற ஒண்ணும் சொல்லல சார்."

அவர் கரையை விரலால் நெருடிப் பார்த்தார். "இத்தனை கலர் துணிக்கு நடுவுல நீலம் வச்சா இருட்டடிச்ச மாதிரி இருக்கும். பச்சை போடுங்க."

அன்றைக்கு ஆகட்டும் என்று சொன்ன நாக்கைத்தான் டெய்லர் இப்போது கடித்துக்கொண்டிருந்தார்.

பள்ளிக்கூடத்துச் சீருடை நாற்பது உருப்படி மூலையில் மலை மாதிரி கிடந்தது. வெட்டும் மேசை முழுக்கப் போர்வை. அளவு பார்க்கும் இடத்துத் திரைக்கு முன்னாலும் அதன் வால் தொங்கியதால், அளவு கொடுக்க வந்த ஒருவர் உள்ளே மாட்டிக்கொண்டு, "யாராவது வெளிய விடுங்கய்யா!" என்று கூப்பாடு போட்டார். அதைவிடக் கொடுமை, பிரித்துப் பிரித்து ஓரம் நைந்து, ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் வெட்ட வேண்டியிருந்தது. ஓரத்துச் சதுரங்கள் உள்ளங்கை அகலத்திலிருந்து மூன்று விரலுக்கு வந்துவிட்டன. இப்படியே போனால் மகளுக்குப் போர்வை கிடைக்காது, கைக்குட்டைதான் கிடைக்கும்.

டெய்லர் ஒரு யோசனை செய்தார். ரெண்டு பக்கம் நீலம், ரெண்டு பக்கம் பச்சை. ஆளுக்குப் பாதி. யாருக்கும் குறையில்லை.

டீச்சரம்மா வந்தார். கண்ணாடியை மூக்கில் இறக்கிக்கொண்டு பார்த்தார். "எது தலைமாடு?"

டெய்லர் அதை யோசித்திருக்கவில்லை. "எதுவா வேணா வச்சுக்கலாம்மா."

"பச்சை தலைமாடு, நீலம் கால்மாடுன்னு அவருதானே சொன்னாரு?"

"ஐயோ, சார் அப்படிச் சொல்லவே இல்லம்மா!"

"பின்ன எப்படிச் சொன்னாரு? அவரு சொன்னதை அப்படியே சொல்லுங்க." மடக்கு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு டீச்சரம்மா உட்கார்ந்தேவிட்டார்.

சாயங்காலம் ஸ்டேஷன் மாஸ்டர் வந்தார். அவரும் அதே நாற்காலியில் உட்கார்ந்தார். அவருக்கும் தலைமாடு வேண்டும்.

அடுத்து, நாலு பக்கமும் உள்ளே ஒரு சுற்று நீலம், வெளியே ஒரு சுற்று பச்சை என்று வைத்தார் டெய்லர். இதில் தலையும் கிடையாது, காலும் கிடையாது.

"ஓ, என்னைச் சுத்தி வேலி கட்டுறாராக்கும்?" என்றார் டீச்சரம்மா.

"வீட்டுலதான் நான் வெளிய கிடக்கேன். போர்வையிலயுமா?" என்றார் ஸ்டேஷன் மாஸ்டர்.

மறுபடி பிரிப்பு. டெய்லரின் மனைவிக்குப் பொறுமை போய்விட்டது. டீச்சரம்மாவிடம் நேராகவே கேட்டாள்.

"அம்மா, தப்பா நெனைக்காதீங்க. ரெண்டு பேரும் வீட்டுலயே பேசி ஒரு முடிவோட வந்தா என்ன?"

"வீட்டுல பேசினா வேலை நடக்குமாம்மா? நீங்களே அவர்கிட்ட கேட்டுடுங்க" என்று சொல்லிவிட்டு டீச்சரம்மா குடையை எடுத்துக்கொண்டு நடந்தார்.

எழுத்தில் வாங்கிவிட்டால் தப்பிக்கலாம் என்று டெய்லருக்கு ஒரு புத்தி வந்தது. கெட்ட காலத்தில் வருகிற புத்தி எப்படி இருக்கும்? ஒரு தாளில், 'அம்மா: நீளம். சார்: பச்சை. முடிவு:' என்று எழுதி, ரெண்டு பேரும் கையெழுத்துப் போட இடம் விட்டு, ஸ்டேஷன் மாஸ்டரிடம் நீட்டினார். அவர் ஏதோ நாலு வரி எழுதி மடித்து, "அவங்க வந்தா குடுத்துடுங்க" என்றார். டீச்சரம்மா அதைப் பிரித்ததும் முதல் காரியமாக 'நீளம்' என்பதைச் சிவப்பு மையால் அடித்து 'நீலம்' என்று திருத்தினார். பிறகு அடியில் எட்டு வரி எழுதி மடித்து, "அவர்கிட்ட குடுத்துடுங்க தம்பி" என்றார்.

தாள் ரெண்டு பக்கமும் நிறைந்தது. பின்னால் இன்னொரு தாளைக் குத்தினார்கள். அப்புறம் இன்னொன்று. ஒன்பது நாள் டெய்லருக்குத் தபால்காரர் உத்தியோகம். அடுத்தவர் எழுத்தைப் படிப்பது பாவம் என்று அவர் பிரித்துப் பார்க்கவில்லை. ஆனால் எட்டாம் நாள் டீச்சரம்மா அதைப் படித்துவிட்டுச் சட்டென்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் ரெண்டும் குலுங்கின. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே போனார்.

"அழுதுட்டுப் போறாங்கடி" என்றார் டெய்லர். "ஒரு முழம் துணி விஷயம். அந்த அம்மாவை அழ வச்சுட்டேன்."

"நீங்க எங்க அழ வச்சீங்க? ஆகட்டும்னுதானே சொன்னீங்க" என்றாள் மனைவி. அது ஆறுதலா குத்தலா என்று அவருக்குப் பிடிபடவில்லை.

கடைசி வழியாக, சனிக்கிழமை நாலு மணிக்கு ரெண்டு பேரையும் சேர்த்து வரச் சொன்னார். ஸ்டேஷன் மாஸ்டர் மூன்று ஐம்பத்தெட்டுக்கு வந்து வாசலில் ரெண்டு நிமிஷம் நின்று, சரியாக நாலுக்கு உள்ளே வந்தார். டீச்சரம்மா பத்து நிமிஷம் கழித்து வந்தார். மேசைக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர். நடுவில் டெய்லர், உரலுக்குள் தலையை விட்ட மாதிரி.

"டெய்லர், பச்சை கண்ணுக்குக் குளிர்ச்சின்னு அவங்ககிட்ட சொல்லுங்க."

"தம்பி, போர்வை ஒண்ணும் ரயிலு இல்ல, பச்சை காட்டி அனுப்பி வைக்கன்னு அவருகிட்ட சொல்லுங்க."

"சிவப்பு மையிலயே காலம் தள்ளினவங்களுக்குப் பச்சை எப்படிப் பிடிக்கும்னு கேளுங்க."

டெய்லரின் தலை இப்படியும் அப்படியுமாகத் திரும்பிக் கழுத்து சுளுக்கிக்கொண்டது. திடீரென்று ஸ்டேஷன் மாஸ்டர் அவரைத் தாண்டிக் கையை நீட்டினார்.

"அந்த ரயில்வே குவார்ட்டர்ஸ்ல நீ வாங்கிப் போட்ட நீலத் திரை! வீடே பாதாளம் மாதிரி இருந்துச்சே, மறந்துட்டியா?"

டீச்சரம்மாவின் முகம் சிவந்தது.

"யாரு, நானா மறந்தேன்? நைட் டூட்டி பாத்துட்டுப் பகல்ல தூங்கணும், வெளிச்சம் கண்ணைக் குத்துதுன்னு சொன்னது யாரு?"

அப்புறம் மடை திறந்தது. திரை, குவார்ட்டர்ஸ், ஒழுகின கூரை, மகள் பிறந்த அன்றைக்கு லீவு கிடைக்காதது, கிடைத்தும் போடாதது, கொழுந்தன் கேட்டுக் கொடுக்காமல் விட்ட சைக்கிள் என்று முக்கால் மணி நேரம் கொட்டித் தீர்த்தார்கள். சீருடை கேட்டு வந்த பள்ளிக்கூட ஆள் சீருடையை மறந்து வேடிக்கை பார்த்தார். நீலமா பச்சையா என்பது மட்டும் கடைசிவரை யார் வாயிலும் வரவில்லை. ரெண்டு பேரும் கத்திக்கொண்டே படியிறங்கி, கத்திக்கொண்டே தெருவில் நடந்து, விளக்குக் கம்பத்தடியில் நின்று கொஞ்சம் கத்திவிட்டு, மறுபடி நடந்தார்கள்.

டெய்லர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"போச்சு. நல்லா இருந்த குடும்பத்துல நெருப்பை வச்சுட்டேன். இந்த வயசுல பிரிஞ்சு போனா அந்தப் பாவம் யாருக்கு?"

"எந்திரிங்க. வந்து சாப்பிடுங்க."

"வேணாம். நான் செத்தா இதையே எம்மேல போத்திடு."

"எது தலைமாடுன்னு நான் யாரைக் கேக்குறது?" என்றாள் மனைவி.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க அவர் முகத்தைத் துணிக்குள் புதைத்துக்கொண்டு கிடந்தார். திங்கள்கிழமை காலையில் எழுந்தவர் வேறு ஆள். நேராகத் துணிக்கடைக்குப் போனார். 'எது வேண்டும்' என்று கேட்ட விற்பனைக்காரப் பெண்ணிடம், வாழ்நாளில் முதல் தடவையாக யாரையும் கேட்காமல், "சாம்பல் கலர்" என்றார். கடைக்குத் திரும்பி, கதவை உள்ளே தாழ்ப்பாள் போட்டார். ஓரத்தில் மிச்சம் ஒட்டியிருந்த பச்சை, நீல நூல்களையெல்லாம் ஒட்ட உருவி எறிந்தார். நைந்த ஓரங்களை நூல் பிடித்து நேர் செய்தார். நாலு விரல் அகலத்துக்குச் சாம்பல் கரை. மூலைகளைச் சாய்வாக மடித்து, நாலும் ஒன்றுபோல விழும்படி தைத்தார். ஸ்டேஷன் மாஸ்டர் வந்து கதவைத் தட்டினார். டெய்லர் திறக்கவில்லை. டீச்சரம்மா தட்டினார். அதற்கும் திறக்கவில்லை. ஊசி ஒரு இடத்தில்கூட நிற்கவில்லை.

இஸ்திரி போட்டு விரித்தபோது மனைவி சுற்றிவந்து பார்த்தாள். "அடேங்கப்பா" என்றாள். இத்தனை வருஷத்தில் அவள் வாயிலிருந்து அவர் வாங்கிய முதல் அடேங்கப்பா அது. சாம்பலுக்கு நடுவில் பள்ளிக்கூடச் சட்டையும் ஜன்னல் திரையும் வெள்ளைச் சீருடையும் பளிச்சென்று எழுந்து நின்றன.

மறுநாள் காலை கடை திறந்ததும் ஒரு இளம்பெண் வந்தாள். மூக்கும் புருவமும் டீச்சரம்மாவை அப்படியே உரித்து வைத்திருந்தன.

"அண்ணே, நான் தெருக்கோடி வீட்டு டீச்சரோட பொண்ணு. ராத்திரிதான் ஊர்லேருந்து வந்தேன். போர்வை..."

"முடிச்சுட்டேன்மா!" டெய்லர் மடித்து வைத்திருந்த பொட்டலத்தை ரெண்டு கையாலும் நீட்டினார். அதற்குமேல் அவருக்கு அடக்க முடியவில்லை. "ஆனா எம்மேலதான் தப்பு. அவங்க ஒண்ணு சொல்ல, இவரு ஒண்ணு சொல்ல, நான் ரெண்டு பக்கமும் ஆகட்டும் ஆகட்டும்னு சொல்லி, தங்கமான மனுஷங்க ரெண்டு பேரையும் நடுத்தெருவுல நின்னு சண்டை போட வச்சுட்டேன். இனி ஒரு சண்டையும் வராது. நானே ஒரு கலரை வச்சு முடிச்சுட்டேன். என்னை மன்னிச்சிடும்மா."

மகள் பொட்டலத்தைப் பிரித்தாள். கரையைத் தடவிப் பார்த்தாள். நாலு மூலையையும் திருப்பிப் பார்த்தாள். பார்க்கப் பார்க்க அவள் முகம் வாடிக்கொண்டே போனது. கடைசியில் மடக்கு நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்துவிட்டாள்.

"கலர் பிடிக்கலயாம்மா?" டெய்லரின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

"கலர் ரொம்ப அழகா இருக்குண்ணே," என்றாள் அவள், போர்வையை அவர் மேசைமேலேயே திரும்ப வைத்து. "ஆனா ரெண்டு வருஷமா ஒரே வீட்டுல இருந்துக்கிட்டு ஒரு வார்த்தை பேசாம இருந்தவங்க, இந்தக் கரையாலதான் பேசவே ஆரம்பிச்சிருக்காங்க. யாருக்கும் தெரியாம இதைப் பிரிச்சுப் போட்டுடுங்கண்ணே!"