பதினேழாம் நம்பர் கார்டு

என் மனைவி மார்லிஸின் பிறந்தநாளுக்கு இந்த வருஷம் என் கையாலேயே ருபார்ப் பை, அதாவது புளிப்புத் தண்டை மாவுக்குள் வைத்துச் சுடும் பலகாரம், சுட்டுக் கொடுப்பதென்று சபதம் எடுத்தேன். எல்லாம் நன்றிக்கடன். பதினோரு வருஷமாகச் சனிக்கிழமைதோறும் பேஸ்பால் ஆட்டக்காரர் படம் போட்ட பழைய கார்டு தேடி அயோவா மாநிலம் முழுக்க அலைகிறேன். அவள் முகம் சுளிக்காமல் இரண்டு சாண்ட்விச் கட்டிக் கொடுத்து அனுப்புகிறாள். எந்த மகராசி செய்வாள், சொல்லுங்கள்?

தேடுவது ஒரே ஒரு கார்டை. 1961-இல் எங்கள் ஊர் மைனர் லீக் பேஸ்பால் அணிக்கு இருபத்து நாலு கார்டு போட்டு, ரொட்டிப் பாக்கெட்டுக்குள் ஒவ்வொன்றாக வைத்து விற்றார்கள். இருபத்து மூன்று என் ஆல்பத்தில் இருக்கிறது. இல்லாதது பதினேழாம் நம்பர், பந்து வீச்சாளன் எல்ராய் நோவோட்னி. அவன் வீசிய பந்தையெல்லாம் எதிராளி வேலிக்கு அப்பால் அடித்தான். ஜூன் மாதமே ஆளை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, அவன் கார்டை அச்சடிப்பதையும் நிறுத்திவிட்டார்கள். உருப்படாதவன் கார்டுக்குத்தான் இன்றைக்குக் கிராக்கி.

மார்லிஸ் சர்ச்சுக்குப் போன நேரம் பார்த்து அவளுடைய சமையல் குறிப்பு டப்பாவைத் திறந்தேன். ருபார்ப் பை குறிப்புக்குப் பின்னால் எல்ராய் சிரித்துக்கொண்டிருந்தான்!

அவள் திரும்பி வந்ததும் கார்டை நீட்டினேன்.

"இது எத்தனை நாளா இங்க இருக்கு?"

"பத்து வருஷமா. ஒரு பழைய சாமான் கடையில கெடச்சுது."

"அடிப்பாவி, நான் ஊர் ஊரா நாயா அலையறேனே!"

"தெரியும். சாண்ட்விச் கட்டினது யாரு?"

"ஏன் குடுக்கல?"

"இதுக்கு முந்தின செட் முடிஞ்சப்போ மூணு வாரம் வீட்டோட கெடந்தே, வெர்ன். என் அலமாரி டப்பாவையெல்லாம் அகர வரிசைப்படி அடுக்கினே. நாய்க்கு டைம்டேபிள் போட்டே. அது பக்கத்து வீட்டுக்கே குடிபோயிடுச்சு."

யோசித்துப் பார்த்தால் அந்தப் பத்து வருஷமும் நான் சந்தோஷமாகத்தான் இருந்தேன். தேட ஒன்று இருந்தது. எனக்குத் தெரியாமலே அதைக் காப்பாற்றி வைத்திருக்கிறாள். கண் கலங்கிவிட்டது. எல்ராயை ஆல்பத்தில் செருகினேன்.

"செட் முடிஞ்சுது. இனிமே சனிக்கிழமையெல்லாம் உன் கூடத்தான், மார்லிஸ்."

"ரொம்ப சந்தோஷம்" என்றாள்.

சனிக்கிழமை காலை காபியோடு உட்கார்ந்து ஆல்பத்தை ஆசையாகத் திறந்தேன். பதினேழு பத்திரமாக இருந்தது. நாலாம் நம்பரைக் காணோம்.

மேஜைமேல் சாண்ட்விச் இரண்டும் கட்டித் தயாராக இருந்தன.