ஒன்பதரை அக்கா மீன் பார்த்த கதை

உலகத்திலேயே மீனுக்குக் கண் பரிசோதனை செய்த ஒரே ஆள் எங்கள் காரிமங்கலத்து ஒன்பதரை அக்காதான். இதை நான் எந்தச் சபையிலும் அடித்துச் சொல்வேன். சந்தேகம் இருந்தால் அந்த மீனைக் கூப்பிட்டு விசாரித்துக்கொள்ளுங்கள்.

காரிமங்கலம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரே சுவரைப் பங்கு போட்டுக்கொண்டு இரண்டு கடைகள் இருந்தன. ஒன்று என் ஜெராக்ஸ் கடை. இன்னொன்று அக்காவின் மூக்குக்கண்ணாடிக் கடை. அக்காவுக்கு வலது கண்ணில் மைனஸ் ஒன்பதரை, இடது கண்ணில் மைனஸ் ஆறு. வலது கண்தான் பெயரைத் தட்டிக்கொண்டு போனது. கண்ணாடியைக் கழற்றினால் எதிரே நிற்பது மாமியாரா மாவு மூட்டையா என்று அவருக்குத் தெரியாது. மாட்டிக்கொண்டால் ஊரில் ஒருத்தர் தப்ப முடியாது. நடக்கிற நடையை வைத்தே பவர் சொல்லிவிடுவார்.

ஒரு தடவை சேலம் பஸ்ஸில் நானும் அவரும் முன் சீட்டில் உட்கார்ந்திருந்தோம். டிரைவர் சாலை ஓரப் பலகையைக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தார். அவ்வளவுதான்.

"டிரைவர் தம்பி, லெப்ட்ல உங்களுக்கு ஒண்ணேகால் ஏறியிருக்குது. தொப்பூர் கணவாய் வர்றதுக்குள்ள ஒரு முடிவு பண்ணுங்க."

அடுத்த நிறுத்தத்தில் பாதி பஸ் இறங்கி விட்டது. மறுநாள் அந்த டிரைவர் சண்டைக்கு வந்தார், பரிசோதனை நாற்காலியில் உட்கார வைக்கப்பட்டார், கண்ணாடியோடு திரும்பிப் போனார். அக்கா சொன்னது ஒண்ணேகால். இருந்தது ஒண்ணரை. அந்தக் காலுக்காக அக்கா இரண்டு நாள் வருத்தப்பட்டார்.

வியாபார சாமர்த்தியம் என்பது மருந்துக்கும் கிடையாது. யாராவது ஆசையாக ஒரு பிரேமை எடுத்து மாட்டினால், "இது உங்க மூஞ்சிக்கு ஆவாதுங்க. பஞ்சாயத்துக்கு வந்த ஆந்தை மாதிரி இருக்குது. வெச்சிருங்க" என்று பிடுங்கி வைத்து விடுவார். கோபித்துக்கொண்டு போனவர்கள் தருமபுரி வரை சுற்றிவிட்டு, அவரிடமே வந்து அவர் சொன்ன பிரேமை வாங்கிப் போனார்கள்.

இப்படி ஊர்க் கண்ணைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்த மனுஷி, இரண்டு வருடத்துக்கு முன் தங்கை குடும்பத்தோடு புதுச்சேரிக்குப் போனார். போனவர் கடற்கரையைப் பார்த்தோமா, ஐஸ்கிரீம் தின்றோமா என்று வரவேண்டியதுதானே. முதுகில் காற்று சிலிண்டரைக் கட்டிக்கொண்டு கடலுக்கு அடியில் இறங்குகிற ஸ்கூபா டைவிங்குக்குப் பேர் கொடுத்துவிட்டார். வயது ஐம்பத்திரண்டு. மாரண்டஹள்ளிப் பக்கம் தோட்டத்துக் கிணற்றில் குதித்து வளர்ந்தவர், தண்ணீர் பயம் இல்லை. திரும்பி வந்ததும் நான் ஆவலாக ஓடினேன்.

"என்னக்கா பாத்தீங்க?"

"நீலம்."

"அப்புறம்?"

"அப்புறம் கொஞ்சம் பச்ச."

விஷயம் இதுதான். டைவிங்குக்குக் கண்ணையும் மூக்கையும் சேர்த்து மூடுகிற மாஸ்க் ஒன்றை மாட்டுவார்கள். அதன் ரப்பர் ஓரம் முகத்தில் அட்டையாக ஒட்டிக்கொள்ள வேண்டும். மூக்குக்கண்ணாடி போட்டிருந்தால் காதுக்குப் போகிற கம்பி குறுக்கே நின்று, அந்த இடுக்கு வழியே தண்ணீர் உள்ளே வரும். அதனால் பயிற்சியாளர் கண்ணாடியைக் கழற்றச் சொல்லிவிட்டார்.

"தண்ணிக்குள்ள எல்லாமே கால் பங்கு கிட்ட வந்துரும், பெருசாவும் தெரியும், கண்ணாடி இல்லாமயே சமாளிக்கலாம்னாரு அந்தத் தம்பி" என்றார் அக்கா. "மைனஸ் ரெண்டுக்காரன் சமாளிப்பான்டி. ஒம்பதரை என்னத்த சமாளிக்கிறது? தெரியாதது கிட்ட வந்தா என்ன, தூரம் போனா என்ன?"

பயிற்சியாளர் ஒவ்வொரு மீனாகக் கையைக் காட்டினாராம். பாவம், அவர் மனசு நோகக்கூடாது என்று அக்கா ஒவ்வொன்றுக்கும் விரலை வட்டமாக வளைத்து 'நன்றாகத் தெரிகிறது' என்று காட்டினாராம். அரை மணி நேரம் கடலுக்கு அடியில் மரியாதைக்குத் தலையாட்டிவிட்டு வந்த பெண்மணி அவர் ஒருத்தர்தான்.

"முப்பது வருசமா ஊருக்கே கண்ணு தெரிய வெச்சேன்டி. எனக்கு ஒரே ஒரு மீனு தெரியலன்னா நான் என்னா கண்ணாடிக்கடைக்காரி?" என்றார். குரல் கொஞ்சம் இறங்கித்தான் இருந்தது.

முதலில் கான்டாக்ட் லென்ஸ் என்று ஆரம்பித்தார். மென்மையான லென்ஸ் போட்டுக்கொண்டு இறங்கலாம், மாஸ்க்கில் தண்ணீர் புகுந்தால் மட்டும் கண்ணை இறுக்கி மூடிக்கொள்ள வேண்டும் என்று போனில் பயிற்சியாளர் சொல்லியிருந்தார். கண்ணை மூடுவதில் அக்காவுக்கு ஒரு குறையும் இல்லை. திறப்பதில்தான் பிரச்சினை. ஊரில் எத்தனையோ கல்யாணப் பெண்களுக்கு லென்ஸ் மாட்டிவிட்ட கை அது. ஆனால் அவர் கண்ணுக்குப் பக்கத்தில் விரல் வந்தால், சொந்த விரலாகவே இருந்தாலும், கடை ஷட்டர் மாதிரி இமை சாத்திக்கொண்டது.

"நீ போட்டு வுடுடி."

"தொறங்கக்கா."

"தொறந்துதான இருக்கேன்."

"மூடியிருக்கீங்க."

மூன்று நாள் போராடினோம். ஒரு லென்ஸ் அவர் புருவத்தில் ஒட்டியது. ஒன்று என் டீயில் விழுந்தது. மூன்றாவது எங்கே போனது என்று இன்றுவரை தெரியாது. நான் அதை மிதித்திருக்கலாம்.

"வுடு. கண்ணு மாஸ்க்குக்கு வரலன்னா மாஸ்க் கண்ணுக்கு வரட்டும்" என்று அக்கா எழுந்துவிட்டார்.

மாஸ்க்கின் கண்ணாடிக்கு உட்பக்கம் பவர் லென்ஸை ஒட்டிவிடுவது என்று திட்டம். அப்படிக் கடையிலேயே விற்கிறார்கள். ஆனால் ஒரு கண்ணில் ஒன்பதரை, மறு கண்ணில் ஆறு என்று யாரும் செய்து அடுக்கி வைத்திருக்கவில்லை. மாஸ்க்கில் லென்ஸ் கண்ணைவிட்டுத் தள்ளி நிற்பதால் பவரைக் கொஞ்சம் கூட்டிக் கணக்குப் போட்டார். ஒரு பக்கம் தட்டையாக, மறு பக்கம் குழியாக பெங்களூரில் லென்ஸ் செய்து வாங்கினார். மாஸ்க்கை மேஜையில் கண்ணாடி கீழே இருக்கும்படி கவிழ்த்து வைத்து, ஓரம் தேய்த்து, மூச்சைக்கூடப் பிடித்துக்கொண்டு பசை தடவி ஒட்டினார். அன்று மத்தியானம் அவர் சாப்பிடவில்லை. என்னையும் சாப்பிட விடவில்லை.

மறுநாள் சந்தை. அக்கா மாஸ்க்கை மாட்டிக்கொண்டு கடை நடுவில் நின்று சுவரில் இருந்த எழுத்துப் பலகையைப் பார்த்தார். அந்த நேரம் பார்த்து, படிக்கிற கண்ணாடி வாங்க ஒரு விவசாயி உள்ளே நுழைந்தார்.

"ஏம்மா, கண்ணு டெஸ்ட்டுக்கு இப்ப இதெல்லாம் மாட்டோணுங்களா?"

மூக்கு அடைத்த குரலில் அக்கா, "உக்காருங்க, வரேன்" என்றார்.

"வேணாங்க. இருக்கிற கண்ணே போதும்" என்று அவர் நடையைக் கட்டினார்.

அக்கா அதைக் கவனிக்கவே இல்லை. பலகையில் பெரிய எழுத்துகூட அவருக்குத் தெரியவில்லை. வலது கண்ணில் மசமச. இடது கண்ணில் வேறு மாதிரி மசமச. மாஸ்க்கைக் கழற்றி மூக்குக்கண்ணாடியை மாட்டினால் எல்லாம் தெரிந்தது. பெங்களூருக்குப் போன் போட்டு, லென்ஸ் தப்பு என்று சண்டை பிடித்தார். நீங்கள் எழுதிக் கொடுத்த பவர்தான், உறை மேலேயே இருக்கிறது பாருங்கள் என்றார்கள். பார்த்தார். சரியாகத்தான் இருந்தது. பசை காய்ந்துவிட்டதால் பிரித்துச் சோதிக்கவும் வழியில்லை.

"மீனு நமக்கு எழுதல போல இருக்குடி" என்று மாஸ்க்கைப் பெட்டியில் போட்டு மூடினார்.

அதற்குப் பிறகுதான் எனக்குப் பயம் வந்தது. மறுநாள் ஒருவர் சிவப்பு நிற பிரேம் ஒன்றை எடுத்து மாட்டினார். அந்த முகத்துக்கு அதைவிடக் கேவலமான பிரேம் இருக்க முடியாது. அக்கா நிமிர்ந்து பார்த்து, "நல்லா இருக்குதுங்க" என்றார். அடுத்து வந்தவருக்கும் அதே. மூன்று நாள் எல்லாருக்கும் எல்லாமும் நன்றாக இருந்தது. ஊரில் ஆந்தைகள் பெருகின. இந்த மனுஷிக்கு உடனே ஏதாவது செய்யாவிட்டால் காரிமங்கலம் தாங்காது என்று நினைத்துக்கொண்டு கடையைச் சாத்திவிட்டு அவரிடம் போனேன்.

"அக்கா, நீங்க எப்படி ஒட்டுனீங்கன்னு ஒருவாட்டி செஞ்சு காட்டுங்க."

அலுத்துக்கொண்டே மாஸ்க்கை எடுத்துக் கவிழ்த்து வைத்தார். "இதுல என்னா இருக்குது? ரைட் கண்ணு லென்ஸ் இங்க" என்று தன் இடது கையால் இடப்பக்கத்தைத் தொட்டார். "லெப்டு இங்க."

நான் ஜெராக்ஸ்காரி. ஆதார் அட்டையை மிஷின் மேல் கவிழ்த்துப் போட்டே கை தேய்ந்தவள். கவிழ்த்தால் வலது இடதாகும் என்பதை எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

"அக்கா, அது உங்க லெப்டு."

"இல்லடி. கஸ்டமருக்கு ரைட்டு."

"கஸ்டமர் எங்கக்கா?"

அக்கா மேஜைக்கு எதிரே இருந்த காலி நாற்காலியைப் பார்த்தார். முப்பது வருடமாக அதில் யாராவது ஒரு கஸ்டமர் உட்கார்ந்திருந்தார். அவருடைய வலது கண் அக்காவின் இடது கைப்பக்கம் இருந்தது. தனக்கென்று முதல் தடவையாக ஒன்று செய்தபோதும் அந்தக் கை பழைய ஆளுக்கே செய்திருக்கிறது. அக்கா சிரிக்க ஆரம்பித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு சிரித்தார். திரும்ப மாட்டியதும், அப்போது உள்ளே வந்த யாரோ பிரேம் எடுப்பதைப் பார்த்து, சிரிப்புக்கு நடுவிலேயே, "வெச்சிருங்க, ஆவாது" என்றார். எனக்குப் போன உயிர் வந்தது.

புது மாஸ்க் வாங்கி, மறுபடி பெங்களூருக்கு லென்ஸ் சொன்னார். இந்தத் தடவை உறையில் நான்கு லென்ஸ் இருந்தன. எதற்கு என்று கேட்டேன். "கையி தப்பு பண்ணுச்சுன்னா இருக்கட்டும்" என்றார். லென்ஸ் சொல்வதற்கு முந்தின நாள் என்னையும் உட்கார வைத்துக் கண் பார்த்திருந்தார். ஆறு மாதத்துக்கு முன்தான் பார்த்தது. இருந்தாலும் அவரிடம் ஏன் என்று கேட்டு யார் பதில் வாங்கினார்கள்?

தண்ணீர் கசிகிறதா என்று பார்க்க மாரண்டஹள்ளியில் அவர் அண்ணன் தோட்டத்துக் கிணற்றுக்குப் போனோம். மழை பெய்து தெளிந்த தண்ணீர். மூச்சைப் பிடித்துக்கொண்டு உள்ளே போன அக்கா வெகுநேரம் வரவில்லை. நான் மேட்டில் நின்று எல்லா சாமிக்கும் வேண்டிக்கொண்டிருந்தேன். வெளியே வந்ததும் அண்ணனைப் பார்த்து, "மோட்டார் பைப்புல அடியில வெடிப்பு இருக்குது. பைப்புல போட்டிருக்கிற கம்பெனி பேரும் நீங்க சொன்னது இல்ல. கடைக்காரன் ஏமாத்திட்டான்" என்றார். கசிவைப் பற்றிக் கேட்டதற்கு, அதெல்லாம் இல்லை என்று கையை ஆட்டிவிட்டார்.

புதுச்சேரிக்கு என்னைத் துணைக்கு என்று கூட்டிப் போனார். எனக்கு மைனஸ் நான்கு, அதோடு தண்ணீர் என்றால் குடிக்க மட்டும்தான் பழக்கம். இடுப்பளவு நீச்சல் குளத்தில் பயிற்சி கொடுத்தபோது, சும்மா நீயும் செய் என்றார்; செய்தேன். படகில் ஏறச் சொன்னார், ஏறினேன். நடுக்கடலில் பையைத் திறந்து இன்னொரு மாஸ்க்கை எடுத்து என் மடியில் வைத்தார்.

"உன்னுது. மைனஸ் நாலு. ரைட்டு ரைட்டுலதான் இருக்குது, மூணு வாட்டி பாத்துட்டேன்."

"அக்கா, நான் செத்துப்போயிருவேன்."

"நான் ஒருவாட்டி ஒண்ணும் தெரியாம அடியில நின்னுட்டு வந்தவ. கூட ஒருத்தி தெரிஞ்சு நிக்கட்டும்னுதான் செஞ்சேன். வாடி."

இறங்கினோம். ஆளுக்கு ஒரு பயிற்சியாளர் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டார்கள். பாறை ஓரத்தில் கறுப்புக் கோடு போட்ட மஞ்சள் மீன் ஒன்று வந்து அக்காவின் முகத்துக்கு நேரே நின்றது. அக்கா அசையவில்லை. மெதுவாக ஆள்காட்டி விரலைத் தூக்கி, கடையில் எல்லாருக்கும் செய்வதுபோல இடதும் வலதும் நகர்த்தினார். அது விரலைப் பார்த்ததா, வேறு வேலையாகத் திரும்பியதா, எனக்குத் தெரியாது. அக்கா விரலை வட்டமாக வளைத்து அதற்குக் காட்டினார். இந்த முறை மரியாதைக்கு இல்லை.

படகில் ஏறியதும் மூச்சு வாங்கியபடி அக்கா சொன்னார்: "இமையே இல்லடி அதுக்கு. ஒரு ஆட்டம் இல்லாம பாத்துச்சு. முப்பது வருசத்துல இப்படி ஒரு கஸ்டமர் வந்ததில்ல. ரெண்டு கண்ணும் சுத்தம்."

ஊருக்கு வந்ததும் எல்லாரும் என்னிடம்தான் கேட்டார்கள், நீ என்ன பார்த்தாய் என்று. மீன், பாறை, பாசி என்று அளந்துவிட்டேன். உண்மையில் பயத்தில் நான் அவரைவிட்டு வேறெங்கும் கண்ணை எடுக்கவில்லை. தண்ணீருக்குள் எல்லாம் பெரிதாகவும் கிட்டத்திலும் தெரியும் என்று அந்தப் பயிற்சியாளர் சொன்னது சரிதான். இப்போது தருமபுரிக்குக் கடையை மாற்றிக்கொண்டு வந்துவிட்டேன். அக்கா இன்னும் எனக்கு அப்படித்தான் தெரிகிறார்.